மவுசர் 71-உடன் ஏழு வருடம்

இந்தத் துப்பாக்கியில் ஒரு தோட்டாவைச் சுட்டு முடித்ததும் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடும் இரும்புத் தண்டை, பின்னால் இழுத்து, துப்பாக்கியை வலப்பக்கமாகக் கவிழ்க்க வேண்டும். சுட்ட கூட்டைக் குழலுக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு வர ஒரு கொக்கி இருக்கிறது. வெளியே எறிய எதுவும் இல்லை. கவிழ்த்தால் பித்தளைக் கூடு மெதுவாக உருண்டு மேஜையில் விழும். முதல் நாள் துப்பாக்கி ரேஞ்சில் இது தெரியாமல், ஏதோ உடைந்துவிட்டது என்று பத்து நிமிடம் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே கையை ஒரு திருப்புத் திருப்பிக் காட்டினார். அவ்வளவுதான் ரகசியம்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில். ஏழு வருடத்தில் மூன்று ஜெர்மன் ராணுவத் துப்பாக்கிகள் கைக்கு வந்தன: மவுசர் 71, அதன் தம்பியான 71/84, அப்புறம் கெவேர் 88. இப்போது இரண்டு மிச்சம். இதில் இறங்க நினைக்கும் யாராவது கேட்டால், கூச்சமே இல்லாமல் இருப்பதிலேயே பழையதை, இருப்பதிலேயே எளியதை வாங்கச் சொல்வேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் சட்டம். அமெரிக்க மத்தியச் சட்டப்படி 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருள் கணக்கில் வரும். 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்ட கோடு அது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால் உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மன் துப்பாக்கிகளிலேயே பெரும்புகழ் பெற்றது கெவேர் 98. பெயரிலேயே 98 இருப்பதால் பழம்பொருள் என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 1898 அது ஏற்கப்பட்ட வருடம். படைக்குப் பெருமளவில் செய்து கொடுத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். பெயரை நம்பாமல் துப்பாக்கியில் பொறித்த வருடத்தைப் பாருங்கள்.

என்னுடைய 71 ஒரு பழம்பொருள் சந்தையில் 650 டாலருக்குக் கிடைத்தது. இடப்பக்கத்தில் பழைய ஜெர்மன் எழுத்தில் ‘ஐ.ஜி.மாட்.71’ என்று இருக்கும். காலாட்படைத் துப்பாக்கி, மாடல் 71 என்பதன் சுருக்கம். வடிவமைத்தவர்கள் ஓபர்ன்டார்ஃப் ஊரைச் சேர்ந்த வில்ஹெல்ம், பவுல் மவுசர் சகோதரர்கள். என்னுடையது பிறந்தது டான்சிக் அரசு ஆலையில், 1879-இல். அந்த ஊர் இன்று போலந்தில் குடான்ஸ்க். பெரிய பாகங்களில் மட்டுமில்லை, சின்னஞ்சிறு திருகாணியின் தலையிலும் தொடர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பொறித்திருக்கிறார்கள். அதனால் எந்தத் திருகாணி அசல், எது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று பூதக்கண்ணாடி வைத்துச் சொல்லிவிடலாம். என்னுடையதில் ஒரே ஒரு திருகாணி அன்னியம். அதைத் தேடி இரண்டு வருடம் அலைந்தேன் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

அடிக்கட்டையின் தகட்டில் ‘94. ஆர். 7. 63.’ என்று பொறிப்பு. 94-ஆவது ரெஜிமென்ட், ஏழாவது கம்பெனி, 63-ஆம் எண் ஆயுதம். 94 என்பது துரிங்கியாப் பகுதியின் காலாட்படை. வைமார், ஐசனாக், யேனா ஆகிய ஊர்களில் முகாம் போட்டிருந்த படை. வைமார் என்றால் உலகம் கவிஞர் கெத்தேயை நினைக்கும். எனக்கு ஏழாவது கம்பெனியில் பெயர் தெரியாத ஒரு பையன் இதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது நினைவுக்கு வரும். நாலரைக் கிலோ எடை, 134 சென்டிமீட்டர் நீளம். பாவம். என் இரும்புப் பெட்டகத்துக்குள்ளேயே நேராக நிற்காது, குறுக்காகச் சாய்த்துத்தான் வைக்கிறேன்.

வாங்குவது சுலபம். தோட்டாவில்தான் கண்ணைக் கட்டும். 11 மில்லிமீட்டர் மவுசர் தோட்டா எந்தக் கடை அலமாரியிலும் இருக்காது. சின்னப் பட்டறைகள் எப்போதாவது கொஞ்சம் செய்து விற்கும், விலை கேட்டால் தலை சுற்றும். ஆகவே தானே செய்துகொள்ள வேண்டியதுதான். பித்தளைக் கூட்டுக்கு வின்செஸ்டர் .348 கூட்டை எடுத்து அச்சில் விட்டு வாயை அகட்டி உருமாற்றலாம். நான் முதலில் அப்படிச் செய்து நாலில் ஒன்றைக் கிழித்தேன். பிறகு பணம் போனால் போகட்டும் என்று நேரடியாக இந்த அளவிலேயே வரும் கூடுகள் நாற்பது வாங்கினேன். ஏழு வருடமாக அதே நாற்பதுதான் சுற்றி வருகிறது. இரண்டுதான் விரிசல் விட்டன.

மூலத் தோட்டாவில் 5 கிராம் கருமருந்து (புகை கக்கும் பழைய வெடிமருந்து), 25 கிராம் ஈயக் குண்டு. குண்டைச் சுற்றித் தாள். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் மெழுகு வில்லை. தாள் சுற்றுவதற்கு எனக்குப் பொறுமை இல்லை. ஈயத்தோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்து வார்த்து, குண்டைச் சுற்றியிருக்கும் பள்ளங்களில் தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் கலந்த பசையைத் தடவுகிறேன். கொழுப்புத் தடவிய தோட்டா என்றதும் நம் ஆட்களுக்கு 1857 நினைவுக்கு வரும். நான் ஆட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

குண்டு வார்ப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மெத்தென்ற ஈய உருண்டையைக் குழலுக்குள் தட்டி அனுப்பி, வெளியே வந்ததை அளந்து பாருங்கள். புத்தகத்தில் ஓர் அளவு இருக்கும், உங்கள் குழலில் வேறு இருக்கும். என்னுடையது 11.35 மில்லிமீட்டர். கடையில் வாங்கிய முதல் அச்சு அதைவிடச் சிறியது. நூறு கஜத்தில் ஐந்து குண்டுகளும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. சரியான அச்சு வந்த பிறகு நாலு அங்குலத்துக்குள் அடங்கின. நூற்று நாற்பது வயதுக் கிழத்திடம் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

இன்னொன்று. நம் காலத்துப் புகையில்லா வெடிமருந்தை இதில் போடவே போடாதீர்கள். போல்ட்டைப் பிடித்து நிறுத்துவது அதன் கைப்பிடி அடியில் இருக்கும் ஒற்றைத் தடித்த இரும்பு மேடுதான். பிந்தைய மவுசர்களில் இருக்கும் முன்பக்கப் பூட்டுகள் இதில் கிடையாது. இது கருமருந்துக்குச் செய்தது. வாங்கியதும் இந்த வகையைத் தெரிந்த ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் முதல் குண்டு. நானும் அப்படித்தான் செய்தேன்.

சுடுவது எப்படி இருக்கும்? இக்காலத் துப்பாக்கி தோளில் சுளீரென்று அடிக்கும். இது யாரோ பெரிய ஆள் தோளில் கைவைத்துத் தள்ளுவது போலத் தள்ளும். சத்தம் ஊர்க் கோயில் கொடையில் போடுகிற வேட்டுச் சத்தம், கீழ்ஸ்தாயி. காற்றில்லாத நாளில் புகை ஒரு படுதா மாதிரி எதிரில் நிற்கும். குண்டு எங்கே பட்டது என்று பார்க்கப் புகை கலையும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்து மேஜைக்காரர்கள் முறைப்பார்கள், பிறகு எழுந்து வந்து ‘நானும் ஒன்று சுடலாமா’ என்பார்கள்.

குறிபார்க்கும் அமைப்பு போர்க்களத்துக்கானது. ஏணித் தகட்டை நிமிர்த்தினால் 1600 மீட்டர் வரை கோடு போட்டிருக்கிறார்கள். கீழே இருக்கும் குறைந்தபட்ச அளவே இருநூறு மீட்டரைத் தாண்டியது. ஆகவே நூறு கஜத்தில் எல்லாக் குண்டும் ஓர் அடி மேலே போகும். சிலர் குழல் நுனியில் இருக்கும் குறிமுள்ளை அறுத்துவிட்டு உயரமான ஒன்றைப் பற்றவைக்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பித்தளைத் தகட்டில் ஒரு சின்னத் தொப்பி செய்து குறிமுள்மேல் மாட்டிக்கொள்கிறேன், முடிந்ததும் கழற்றிவிடலாம்.

அப்புறம் வீட்டுக்கு வந்து கழுவ வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. கருமருந்துக் கசடு காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரவோடு இரவாகக் குழலைத் துருவாக்கும். பென்சில்வேனியாவின் ஜூலை மாதப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். போல்ட்டை வெளியே எடுப்பதற்கே அதன் மேலிருக்கும் பெரிய திருகாணியைத் தளர்த்தியாக வேண்டும். சரியான வாய் உள்ள திருப்புளி இல்லையென்றால் நூற்றாண்டு கண்ட திருகாணித் தலையை ஒரே நாளில் மழித்துவிடுவீர்கள். போல்ட்டை எடுத்ததும் கொதிக்கும் நீரில் சோப்புக் கரைத்துக் குழலுக்குள் ஊற்றுவேன், கறுப்புத் தண்ணீர் வெளுக்கும்வரை. பிறகு வெறும் வெந்நீர், துணி, எண்ணெய். கூடுகளைச் சுட்ட இடத்திலேயே ஒரு தண்ணீர் ஜாடிக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன், இல்லாவிட்டால் அவையும் அரித்துப்போகும். முதல் தடவை இதைச் சமையலறைத் தொட்டியில் செய்தேன். “ஏங்க, வீடு முழுக்க அழுகின முட்டை நாத்தம் அடிக்குது, அந்த எம்டனை வெளியில கொண்டுபோங்க” என்றாள் மனைவி. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் ஒரு ஜெர்மன் துப்பாக்கிக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. அன்றிலிருந்து எம்டனுக்குக் குளியல் கார் ஷெட்டில்தான்.

71/84 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதே தோட்டா, குழலுக்கு அடியில் எட்டுத் தோட்டா கொள்ளும் நீண்ட குழாய். 1884-இல் ஏற்றார்கள். 1886-இல் பிரெஞ்சுக்காரர்கள் புகையில்லா மருந்தோடு லெபல் துப்பாக்கியைக் கொண்டுவந்ததும் ஒரே நாளில் கிழடாகிவிட்டது. குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், முன்னால் இருப்பதன் பின்பொட்டில், அதாவது தட்டினால் வெடிக்கும் இடத்தில், பின்னால் இருப்பதன் மூக்கு முட்டும். ஆகவே தட்டை மூக்குக் குண்டுதான் போட வேண்டும். தோட்டாவின் நீளம் இம்மி குறைந்தாலும் தூக்கிவிடும் கரண்டி மக்கர் செய்யும். ஓடினால் குஷி. என் கையில் பாதி நாள்தான் ஓடியது. பெரும்பாலும் குழாயை மூடிவிட்டு ஒற்றைத் தோட்டாவாகவே சுடுகிறேன். அதற்கு 71-ஏ போதுமே!

கெவேர் 88 என் தவறு. இணைய ஏலத்தில் ‘எல்லா எண்ணும் பொருந்தும்’ என்ற வாசகத்தை நம்பி எடுத்தேன். வந்து சேர்ந்ததில் போல்ட்டின் எண் வேறு, போல்ட் தலை இன்னொன்று. 88-இல் அந்தத் தலை தனியாகக் கழன்று வரும் பாகம். அது இல்லாமலே போல்ட்டை மாட்டிவிடலாம் என்பதுதான் பயங்கரம். சுடுவதற்கு முன்னால் தலை இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். குண்டின் அளவு அதைவிடக் குழப்பம். ஆரம்பத்தில் 8.08 மில்லிமீட்டர், 1900-களில் கூர்மூக்குக் குண்டு வந்தபோது 8.2. எந்தத் துப்பாக்கி எதற்கு மாற்றப்பட்டது என்று முத்திரையைப் பார்த்துக் கணிக்க வேண்டும். துருக்கி போய் அங்கே பட்டறை கண்டு திரும்பியவை வேறு. ஒரு ராணுவக் குழு கூடி வடிவமைத்தது, பார்த்தாலே தெரியும். ஆனால் அழகாக இருக்கும், குழலைச் சுற்றி ஒரு தகரச் சட்டை போட்டுக்கொண்டு. சுவரில் மாட்டுவதற்கு எடுங்கள். நான் பதினான்கு மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றேன்.

இந்தப் புகை விஷயத்துக்குத் திரும்ப வர வேண்டும். 71-ஐ ஜெர்மனி ஒதுக்கிய பிறகும் அது ஓய்வெடுக்கவில்லை. 1914 ஜூலையில் அயர்லாந்தின் ஹௌத் துறைமுகத்தில் ஆஸ்கார்ட் என்ற படகு இறக்கிய தொள்ளாயிரம் துப்பாக்கிகள் இதுதான். ஆங்கிலேயருக்கு எதிரான 1916 எழுச்சியில் டப்ளின் தெருக்களில் புகை கக்கியதும் இவையே. ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது தான்சானியாவில் இருக்கும் டாங்கா, அப்போது அது ஜெர்மன் காலனி. 1914 நவம்பரில் பிரிட்டிஷாருக்காக இந்தியாவிலிருந்து போன படை அங்கே இறங்கியது. எதிரில் ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் ஆப்பிரிக்கச் சிப்பாய்களான அஸ்காரிகள். பல கம்பெனிகளின் கையில் அப்போதும் கருமருந்து 71 வகைதான் இருந்தது. இறங்கிய படையில் ஒன்றின் பெயர் 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி.

நான் பாளையங்கோட்டைக்காரன்.

பெயர்தான் எங்கள் ஊர், ஆட்கள் சென்னை மாகாணத்து ஆட்கள். அவர்களிடம் இருந்ததோ புகையில்லாத் தோட்டா. சுடுகிறவன் எங்கே இருக்கிறான் என்று எதிரியின் புகையே காட்டிக்கொடுத்திருக்கும். இருந்தும் அன்று உடைந்து ஓடினார்கள். நாள்கணக்கில் கப்பலில் அடைபட்டுக் கிடந்துவிட்டு, அறியாத ரப்பர்த் தோட்டத்துக்குள் நடந்தவர்கள். இறங்கிய படை விட்டுப்போன பதினாறு இயந்திரத் துப்பாக்கிகளும் ஆறு லட்சம் தோட்டாக்களும் அஸ்காரிகள் கைக்குப் போயின. போதாததற்குத் துப்பாக்கிச் சத்தத்தில் கலைந்த தேனீக்கள் இரு பக்கத்தாரையும் துரத்தின. அதனால் அந்தப் போருக்குத் தேனீப் போர் என்றே பெயர்.

இதைப் படித்த வாரம் ரேஞ்சில் நானும் நண்பரும் இரண்டு துப்பாக்கியையும் ஒன்றாகச் சுட்டுப் பார்த்தோம். வெறும் இரண்டு. சில நொடிகளுக்கு எதிரில் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு கம்பெனி முழுதும் சுட்டால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே கூட்டைக் கவிழ்த்தேன்.

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். இந்தத் துப்பாக்கி வாங்கியதிலிருந்தே அவருக்கு மனத்தாங்கல். ‘ஏல, சம்பாதிச்ச காசுல போயி இரும்பையா வாங்குத’ என்று கேட்டவர். முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“நம்ம ஆளுவ ஓடிட்டாங்களா?”

“ஆமாப்பா.”

“தேனீ வேற கொட்டிச்சுன்னு சொன்னேல்லா?”

“ஆமா.”

“பின்ன? தேனீ கொட்டுனா எவம்ல நிப்பான்?”