குடியிலிருந்து மீண்ட கதையை எங்கே எழுதுவது? மூன்று தளங்களும் ஒரு பழைய வரியும்

"அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன." 2019ல் இப்படி ஒரு வரி எழுதினேன். ஒரு தடவை அல்ல, மூன்று கட்டுரைகளில். ஒன்று, மருத்துவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே எதையும் வெளியிடும் பொது உடல்நலத் தளத்துக்கு. இன்னொன்று, ஒரு மறுவாழ்வு மையம் தனக்காக நடத்தும் தளத்துக்கு. மூன்றாவது, நானே வைத்திருந்த சொந்தத் தளத்துக்கு. குடியை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. விஷயம் தெரிந்ததைவிட எழுதும் வேகம் அதிகமாக இருந்த காலம்.

மூன்று இடத்திலும் எழுதிப் பார்த்துவிட்டு, இப்போது உடல்நலத் தளத்துக்கு மட்டும்தான் எழுதுகிறேன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் பேசப்போகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வாசகர் கூட்டம் உடல்நலத் தளத்தில் அதிகம். காசு மையத்தின் தளத்தில் அதிகம். சுதந்திரம் சொந்தத் தளத்தில் அதிகம். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

மையத்தின் தளம் எனக்குக் கசந்தது பணத்தால் அல்ல, கடைசிப் பத்தியால். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தக்கூடாது, மருத்துவர் மேற்பார்வை வேண்டும் என்று எழுதியிருந்தேன். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம், வலிப்பு வரலாம், இரண்டு முதல் நான்கு நாளுக்குள் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்கிற ஆபத்தான குழப்பநிலை வரலாம் என்றெல்லாம் விளக்கியிருந்தேன். வெளியானபோது அது ஒரே வாக்கியமாகச் சுருங்கி, கீழே "இன்றே அழையுங்கள்" என்று ஒரு எண் வந்திருந்தது. குடித்த காலத்தில், குடியை விட்ட பின் என்று இரண்டு புகைப்படம் வேறு கேட்டார்கள். தரவில்லை. இந்தத் துறையில் வந்து விழும் ஒவ்வொரு போன் அழைப்புக்கும் விலை உண்டு. 2017 செப்டம்பரில் அமெரிக்காவில் போதை சிகிச்சை விளம்பரங்களை கூகுள் நிறுத்திவைத்ததும், மறு வருடம் லெஜிட்ஸ்கிரிப்ட் என்ற சரிபார்ப்பு நிறுவனத்தின் சான்று பெற்ற மையங்களுக்கு மட்டும் திரும்பத் திறந்துவிட்டதும் அந்த வியாபாரம் கெட்டுப்போனதால்தான். எல்லா மையமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். நான் எழுதியது ஒரே ஒரு மையத்துக்கு, அதுவும் இரண்டு கட்டுரை.

உடல்நலத் தளத்தில் முதல் கட்டுரை வெளிவர ஐந்து வாரம் ஆனது. எரிச்சலாகத்தான் இருந்தது. பார்த்தவர் ஒரு மனநல மருத்துவர். பதினாறு இடத்தில் கேள்வி போட்டிருந்தார். ஒன்றை மறக்கவே முடியாது. தெரிந்த ஒருவருக்கு வீட்டார், குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிரம் மாத்திரையைச் சொல்லாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்ததை நான் கொஞ்சம் வேடிக்கையாக எழுதியிருந்தேன். அவர் பக்கத்தில் எழுதியது: "இதைப் படித்துவிட்டு இன்னொரு வீட்டில் செய்வார்கள்." அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. அதனால்தான் நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாது என்பது விதி. நான் அதைப் பாசமுள்ள ஒரு மனைவியின் தந்திரமாக எழுதி வைத்திருந்தேன்! பத்தி போனது. குடிநோயில் வைட்டமின் பி1 குறைபாடு மூளையைப் பாதிப்பது பற்றி அந்த இடத்தில் நாலு வரி சேர்ந்தது. கட்டுரையின் சுவை குறைந்ததுதான், மறுக்கவில்லை.

பெயர் விஷயத்தில் எனக்கு ஒரு பயம் இருந்தது. நான் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டங்களுக்குப் போகிறவன். பத்திரிகை, வானொலி, திரைப்படம் என்ற அளவில் உறுப்பினர் பெயரை மறைக்க வேண்டும் என்பது அங்கே பதினோராவது மரபு. 1950ல் ஏற்றது, ஆனால் இணையத்துக்கும் அதே கணக்குதான். ஆசிரியரிடம் சொன்னேன். என் உண்மைப் பெயரை அவர்கள் கோப்பில் வைத்துக்கொண்டு புனைபெயரில் போட்டார்கள். சரிபார்த்த மருத்துவரின் பெயர் மட்டும் முழுசாக இருந்தது. நம்பிக்கை தர அது போதும் என்றார்கள். சரி என்று விட்டேன்.

இதெல்லாம் கட்டுரை வெளிவரும்வரை உள்ள கதை. என் முடிவைத் தீர்மானித்தது அதற்குப் பிறகு நடப்பது. கட்டுரையை யார் பராமரிக்கிறார்கள்?

போதை பற்றி எழுதியது சீக்கிரம் பழசாகிவிடும். 2013ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5 வந்தபோது, அதுவரை இரண்டு தனி நோய்களாக இருந்த "தீயபயன்பாடு", "சார்பு" இரண்டையும் ஒன்றாக்கி, லேசானது முதல் தீவிரமானது வரை படிகளாகப் பிரித்தார்கள். 2022 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 நடைமுறைக்கு வந்தது, வீடியோ விளையாட்டு அடிமைத்தனமும் அதில் ஒரு நோய். 2023ல் அகாம்ப்ரோசேட், நால்ட்ரெக்ஸோன் இரண்டும் குடிநோய்க்காக உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறின. "குடிக்கு மருந்து கிடையாது, மன உறுதிதான்" என்று எழுதிவைத்தவர்கள் எத்தனை பேர் திரும்பிப் போய்த் திருத்தினார்கள்?

என் வரிக்கு வருகிறேன். 2023 ஜனவரியில் அதே நிறுவனம், உடல்நலத்துக்குத் தீங்கில்லாத மது அளவு என்று ஒன்று இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. இரண்டு மாதத்துக்குள் உடல்நலத் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: உங்கள் கட்டுரையில் இந்த வரியை எடுக்கிறோம், மாற்று வாசகம் இது, ஆட்சேபம் உண்டா? மேலே திருத்திய தேதியும் போட்டார்கள். சொந்தத் தளத்தில் அந்த வரி மேலும் ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்தது. "நீங்களே இப்படிச் சொல்லியிருக்கிறீர்களே, அப்புறம் நான் ஏன் முழுசாக நிறுத்த வேண்டும்?" என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மையத்தின் தளத்தில் இன்றும் இருக்கிறது. மையம் கைமாறிவிட்டது, அந்த எண்ணை அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. எழுத்துரிமை முழுவதையும் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மூன்று தடவை எழுதியும் பதில் இல்லை.

பராமரிப்பில் இன்னொரு பக்கமும் உண்டு, எழுதியவனே மாறிவிடுவது. 2021ல் பதினொரு நாள் மறுபடி குடித்தேன். "ஐந்து வருடமாகத் தொடவில்லை" என்று மூன்று இடத்தில் என் கதை கிடந்தது. வேகத்தில் இங்கே சொந்தத் தளம்தான் ஜெயித்தது: அவமானத்தில் ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் அழித்தேன். காலையில் பார்த்தால், கட்டுரையோடு சேர்ந்து அதன் கீழே வாசகர்கள் எழுதியிருந்த கடிதங்களும் போயிருந்தன. பல மாதம் கழித்து கட்டுரைகளை மட்டும் பழைய பிரதியிலிருந்து திரும்ப ஏற்றினேன், அந்த வரி உட்பட. உடல்நலத் தளத்தின் ஆசிரியர் எட்டு நாள் எடுத்துக்கொண்டார். எடுக்க வேண்டுமானால் எடுக்கிறோம், ஒரு பத்தி சேர்க்க முடிந்தால் படிப்பவர்களுக்கு அது உதவும் என்றார். சேர்த்தேன். அந்தப் பதினொரு நாள் பற்றிய பத்திக்குத்தான் இன்றும் அதிகம் கடிதம் வருகிறது.

எனக்குத் தெரிந்தது குடி மட்டும்தான். மாத்திரை, ஊசி பற்றி எழுதுபவர்களுக்கு இதே கணக்கு பொருந்துமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. எல்லா உடல்நலத் தளமும் மருத்துவர் பெயரைப் போடுவதாலேயே படித்துப் பார்க்கிறது என்றும் அர்த்தமில்லை. நான் பழகியது ஒன்றோடுதான். புதிதாக எழுதப் போகிறவர் அந்தத் தளத்தில் நாலைந்து வருடப் பழைய கட்டுரைகள் சிலவற்றைத் திறந்து, திருத்திய தேதி இருக்கிறதா, அதில் தந்த உதவி எண் வேலை செய்கிறதா என்று ஒரு போன் போட்டுப் பார்க்கலாம். நான் கையெழுத்துப் போடும் முன் இதைச் செய்யவில்லை.

குடிப்பவரின் பிள்ளைகள் பற்றி நான் அனுப்பிய கட்டுரை இப்போது அதே மருத்துவரிடம் இருக்கிறது. இது நான்காவது வாரம். பதினொரு கேள்விகள் திரும்பி வந்திருக்கின்றன, பத்துக்குப் பதில் எழுதிவிட்டேன். மிச்சமுள்ள ஒன்று: "உங்கள் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினீர்களா?"