சாதா ஷாக்கா, காந்த ஷாக்கா?

குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர் காந்த வகையில் உள்ள (காந்த சஸ்பென்ஷன்) பழைய சொகுசு காரை வாங்கலாமா என்று தயங்குகிறீர்களா?

வேலை: சாதாவில் பிஸ்டனின் சிறு துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கும், அவ்வளவுதான்.
காந்த வகையில் எண்ணெயோடு மைக்ரான் அளவு இரும்புத் துகள்கள். பிஸ்டனுக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அவை சங்கிலியாகக் கோத்துக்கொள்ள, சில மில்லி விநாடிகளில் எண்ணெய் கூழாகிவிடும். பள்ளத்தில் இளக்கம், வளைவில் இறுக்கம்! 2002இல் கேடிலாக் செவில் காரில் வந்தது.

விலை: சாதா மலிவு, காந்தம் பல மடங்கு.

உழைப்பு: எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை இரும்புத் துகள் உரசும். கசிந்தால் பெரும்பாலும் முழு ஷாக்கையே மாற்ற வேண்டும்.

ரிப்பேர்: சாதாவுக்குத் தெருமுனை மெக்கானிக் போதும். மற்றதற்கு சென்சார், வயரிங் தெரிந்தவர் வேண்டும்.

ஆபீஸ் போய்வர சாதாவே சரி. வேகமும் வேண்டும், சொகுசும் வேண்டும், பர்ஸும் தாங்கும் என்றால் காந்தம்.