டாலரா, யூரோவா: சாட்ஸ்வர்த்தில் நாங்கள் போட்ட கணக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வர்த்தில் ஒரு சின்ன சட்ட ஆலோசனை மையத்துக்கு நான் பொருளாளர். வேலையிலிருந்து தூக்கப்பட்டவர்கள், வாடகை பாக்கிக்கு நோட்டீஸ் வாங்கியவர்கள், சாசா என்ற அரசு முகமை தரும் உதவித்தொகை நின்றுபோன பாட்டிகள், வீட்டில் அடி தாங்காமல் பாதுகாப்பு உத்தரவு கேட்டு வரும் பெண்கள் என்று தினமும் ஆள் வரும். படிவம் நிரப்பித் தருவோம், கடிதம் எழுதுவோம், தேவைப்பட்டால் கூடவே போய் நிற்போம். வருகிறவர்களிடம் காசு கேட்க முடியாது. அதனால்தான் இந்த நாட்டில் இப்படிப்பட்ட மையங்கள் பலவும் வெளிநாட்டு அரசுகள் ஜனநாயகம், மனித உரிமை என்று ஒதுக்கும் பணத்தை நம்பியிருக்கின்றன. எங்கள் கமிட்டி முன்னால் அமெரிக்க வழி, ஐரோப்பிய வழி இரண்டும் இருந்தன. ஐரோப்பாவைப் பிடித்தோம். நான் அதற்கே வாக்களித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதாக ஜெர்மன் வழி ஒன்றும் உண்டு. அந்த நாட்டுக் கட்சிகளைச் சார்ந்த அறக்கட்டளைகள் பல இங்கே ஆபீஸ் வைத்திருக்கின்றன. கருத்தரங்குக்கு ஹால் வாடகை, சமூசா, டீ, வந்துபோகும் செலவு எல்லாம் கிடைக்கும். மேசையில் உட்காரும் ஆளுக்குச் சம்பளம் கிடைக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அமெரிக்க வழி என்றால் நேஷனல் எண்டௌமென்ட் ஃபார் டெமாக்ரசி, சுருக்கமாக என்.இ.டி. 1983இல் தொடங்கியது. சட்டப்படி அது அரசு இலாகா இல்லை, தனி அமைப்பு. ஆனால் பணம் ஆண்டுதோறும் அமெரிக்க காங்கிரஸ் ஒதுக்குவது; அண்மை ஆண்டுகளில் சுமார் 31.5 கோடி டாலர். சராசரி மானியம் 50,000 டாலர், காலம் 12 மாதம் என்று அவர்களே சொல்கிறார்கள். எங்களைப் போன்ற சின்ன மையத்துக்கு அளவெடுத்துத் தைத்த தொகை அது. நேரடியாக விண்ணப்பிக்கலாம், நடுவில் யாரும் இல்லை. இதில் அமெரிக்கா ஜெயித்துவிட்டது, சந்தேகமே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம் பெரிய கடல். 2021 முதல் 2027 வரைக்கான ‘குளோபல் யூரோப்’ நிதி மொத்தம் 7,950 கோடி யூரோ. அதில் மனித உரிமை, ஜனநாயகத்துக்கென்றே தனியாக ஒரு திட்டம், சுமார் 136 கோடி. உள்ளூர் அரசின் சம்மதம் இல்லாமலே அமைப்புகளுக்குத் தரலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் நேரடியாகப் போனால் தொகை எங்களால் கையாள முடியாத அளவுக்குப் பெரிது. செலவில் ஒரு பங்கை நாமே போட வேண்டும். முதலில் கருத்துக் குறிப்பு, அது தேறினால் முழு விண்ணப்பம், கெடு நேரமோ பிரஸ்ஸல்ஸ் கடிகாரப்படி. எங்கள் செயலாளர் அக்கா படிவத்தைப் பார்த்துவிட்டு, “இதை நிரப்பவே இன்னொரு மானியம் வாங்கணும்” என்றார். அதனால் இன்னொரு வாசல் வழியாகப் போனோம். பெரிய மானியம் வாங்கிய உள்ளூர் அறக்கட்டளை அதைப் பிரித்துச் சிறிய அமைப்புகளுக்குத் தரலாம், ஓர் அமைப்புக்கு வழக்கமாக 60,000 யூரோ வரை. எங்கள் ஒப்பந்தம் அப்படி ஓர் அறக்கட்டளையோடு, அதுவும் இந்த நாட்டு நாணயமான ரேண்டில். யூரோ ஏறி இறங்கும் தலைவலி அவர்களுடையது.

அந்நியன் காசு வாங்கலாமா என்ற கேள்விக்கு இந்த ஊரில் வரலாறே பதில் சொல்லும். 1974இல் நிறவெறி அரசு கொண்டுவந்த சட்டம், தனக்குப் பிடிக்காத அமைப்புகளுக்கு வெளிநாட்டுப் பணம் வருவதைத் தடுத்தது. 1986இல் நிறவெறியை எதிர்த்த கூட்டமைப்பான யு.டி.எஃப். மீதே அதைப் பாய்ச்சினார்கள். அதே காலத்தில் இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தின் பணம் கஹிசோ டிரஸ்ட் என்ற உள்ளூர் அறக்கட்டளை மூலமாகவும் தேவாலயங்கள் மூலமாகவும் உள்ளே வந்துகொண்டிருந்தது. என்.இ.டி.க்கு வித்திட்ட அன்றைய அமெரிக்க அதிபர் ரீகனோ, அதே 1986இல் இந்த நாட்டின் மீதான பொருளாதாரத் தடை மசோதாவை வீட்டோ செய்தார்; காங்கிரஸ்தான் அதை மீறி நிறைவேற்றியது. கமிட்டியில் வயதான அங்கிள்கள் இதை மறப்பதாக இல்லை. ஆனால் பழைய கோபத்தில் பட்ஜெட் போட முடியாது. எங்கள் முடிவுக்கு இது காரணமும் இல்லை.

காரணம் ஒன்றே ஒன்று: பணம் பாதியில் நின்றால் என்ன ஆகும்?

எங்களிடம் வருவதில் பெரும்பங்கு வேலை நீக்க வழக்குகள். நியாயமில்லாமல் நீக்கினால், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வில் 30 நாளுக்குள் 7.11 படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போடணும், அதை ஏற்பார்கள் என்று உறுதியில்லை. தையல் ஆலையில் பதினைந்து வருஷம் வேலை செய்த ஒரு பெண் நீக்கக் கடிதத்தோடு வருகிறார் என்று வையுங்கள். கடிதம் கிடைத்து இரண்டு வாரம் அண்ணன் வீட்டிலும் கோயிலிலும் யோசனை கேட்டுக் கழிந்திருக்கும். மிச்சம் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் எங்கள் கதவு பூட்டியிருந்தால், அடுத்த மாதம் பணம் வந்து என்ன பயன்?

2025 ஜனவரி 20இல் அமெரிக்க அதிபர் ஒரு கையெழுத்தில் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைத்தார், மறுஆய்வுக்காக என்று. எங்கள் கணக்கில் அது மூன்று முப்பது நாள். பிப்ரவரி 7இல் தென்னாப்பிரிக்காவுக்கென்றே தனி உத்தரவு வந்தது: நிலச் சட்டமும், இஸ்ரேல் மீது நம் அரசு போட்ட வழக்கும் காரணம் என்றார்கள். அமெரிக்கப் பணத்தில் ஓடிய எச்.ஐ.வி. மையங்கள் பல இங்கே திடீரென்று மூடின. என்.இ.டி. இலாகா இல்லையே, அதற்கென்ன என்று நினைக்கலாம். அதன் பணமும் தடைபட்டது; காங்கிரஸ் ஒதுக்கியதைக் கேட்டே அது தன் அரசின் மீது மார்ச்சில் வழக்குப் போட வேண்டி வந்தது. பணம் தரும் அமைப்பே கோர்ட்டு வாசலில் நிற்கும்போது, அதனிடம் வாங்கும் நாங்கள் யாரிடம் போய் நிற்போம்?

ஐரோப்பாவில் பட்ஜெட் ஏழு வருஷத்துக்கு. 27 நாடுகள் சண்டை போட்டு முடிவு செய்தது; ஒரு தேர்தலில், ஓர் ஆளின் கையெழுத்தில் கலையாது. ஒப்பந்தத்தை நிறுத்த அவர்களுக்கும் விதி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முன்பணமாக ஒரு தவணை முதலிலேயே கைக்கு வருகிறது. அதில்தான் எங்கள் இரண்டு ஊழியர்களின் சம்பளமும் வாடகையும் ஓடுகின்றன.

இதற்கு விலை உண்டு, கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு செலவுக்கும் ரசீது. ஊழியர் எந்த மணி எந்த வேலை செய்தார் என்று தாள். சுவரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீலக்கொடி, போஸ்டரில் நீலக்கொடி. பெரிய தொல்லை மினிபஸ் டாக்சி. வழக்காளியை சி.சி.எம்.ஏ.வுக்கு டவுனுக்கு அனுப்பினால் டாக்சிக் காசு நாங்கள் தருவோம். எந்த டாக்சிக்காரன் ரசீது தருவான்? கேட்டால் பின்சீட்டே சிரிக்கும். கடைசியில் தேதி, வழி, தொகை, பயணியின் கையெழுத்து என்று நாங்களே ஒரு வவுச்சர் அச்சடித்தோம். முதல் அறிக்கையில் அறக்கட்டளை அதை ஏற்றுக்கொண்டது. தணிக்கையாளர் ஏற்பாரா என்பது அடுத்த வருஷம் தெரியும். ஏற்காத செலவைத் திருப்பிக் கேட்பார்கள், அதற்காகக் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

என்.இ.டி. பணத்தை நாங்கள் வாங்கிப் பார்த்ததில்லை. நான் சொல்வது படித்ததும் கேட்டதும்தான். வாக்காளர் விழிப்புணர்வு மாதிரி தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலைக்கு, சம்பளக்காரர் இல்லாத இளைஞர் குழு என்றால் அந்தப் பக்கமே இன்றும் சுலபமாக இருக்கலாம். நடுவில் நின்றாலும் யாருடைய கெடுவும் தவறாது.

ஐரோப்பாவும் சாசுவதம் இல்லை. பிரிட்டன் ஒன்றியத்தில் இல்லை என்றாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டியது: 2027க்குள் வெளிநாட்டு உதவியை தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 0.3 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. குளோபல் யூரோப்பின் இப்போதைய காலமும் 2027இல் முடிகிறது. அதனால் ஒப்பந்தம் போடும்போது அறக்கட்டளையிடம் ஒரு வரி கேட்டு வாங்கினோம்: நிறுத்துவதாக இருந்தால் மூன்று மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த நோட்டீஸ் வந்த அன்றே புது வழக்கு எடுப்பதை நிறுத்தி, கையில் இருப்பதை முடிப்போம் என்று கமிட்டித் தீர்மானமும் போட்டு வைத்திருக்கிறோம்.