அம்பாசிடருக்கு டைமிங் வைக்க பல்பா, டைமிங் லைட்டா?

1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்ட என் பழைய அம்பாசிடருக்குப் பல ஆண்டுகள் 12 வோல்ட் பல்பை வைத்தே இக்னிஷன் டைமிங் (சிலிண்டரில் தீப்பொறி விழ வேண்டிய கணம்) பார்த்துவந்தேன். இப்போது டைமிங் லைட்டுக்கு, அதாவது முதல் சிலிண்டரில் தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னி, ஓடும் எஞ்சினிலேயே குறியைக் காட்டும் விளக்குக்கு, மாறிவிட்டேன். வீட்டில் வைத்துச் செய்யும் வேலைக்கு மீண்டும் பல்பை எடுக்கும் எண்ணம் இல்லை.

பல்பு முறை எளிது, செலவும் இல்லை. முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (சிலிண்டர்களுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பகிரும் பாகம்) திறந்து மூடும் தொடுமுனையான பாயிண்டின் இடைவெளியை 0.015 அங்குலத்துக்குச் சரிசெய்ய வேண்டும்; இதைப் பிறகு தொட்டால் டைமிங்கும் நகர்ந்துவிடும். ஹேண்டிலால் எஞ்சினை அது சுழலும் திசையிலேயே திருப்பி, முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும்போது கிராங்க் புல்லியின் காடியை (பள்ளத்தை) எஞ்சினில் உள்ள குறிக்கு நேரே நிறுத்தி, காயிலிலிருந்து வரும் வயர் டிஸ்ட்ரிபியூட்டரில் சேரும் முனைக்கும் எர்த்துக்கும் இடையே பல்பை இணைத்து, இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அங்கே போல்ட்டை இறுக்கிவிடலாம்.

இதில் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: எஞ்சின் நின்றிருக்கும்போது உள்ள நிலையை மட்டுமே பல்பு காட்டும். வேகம் கூடக்கூடத் தீப்பொறி முன்கூட்டியே விழ வேண்டும். அதைச் செய்பவை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு வெயிட்டுகளும் அவற்றின் ஸ்பிரிங்குகளும். ஏற்காடு மலைப்பாதையில் மூன்றாம் கியரில் என் வண்டி விடாமல் நாக்கிங் செய்தது (எஞ்சினுக்குள் தட்டுவதுபோல் சத்தம் எழுந்தது); பல்போ ஒவ்வொரு முறையும் டைமிங் சரி என்றே காட்டியது. புல்லியின் காடியில் வெள்ளைப் பெயின்ட் தடவி, வேக்குவம் குழாயை (எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை மாற்றும் குழாய்) கழற்றி அடைத்துவிட்டு, லைட்டைப் பிடித்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரைச் சற்றே தொட்டதும் வெள்ளைக் கோடு படிப்படியாக நகராமல் ஒரே தாவாகத் தாவியது. பிரித்துப் பார்த்தால் மெல்லிய ஸ்பிரிங் நீண்டு தளர்ந்திருந்தது; அதனால்தான் தீப்பொறி தேவைக்கு மேல் முந்தி விழுந்து நாக்கிங் வந்தது. (தடித்த ஸ்பிரிங்கின் வளையம் லூக்காஸ் நிறுவன டிஸ்ட்ரிபியூட்டரில் இயல்பாகவே தளர்வாக இருக்கும், அதைப் பழுதென்று மாற்றிவிட வேண்டாம்.)

டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருந்தாலும் லைட் காட்டிக்கொடுக்கும்: ஐடிலிங்கில் கோடு ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கும். டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு டிகிரி ஆட்டம் கிராங்கில் இரண்டு டிகிரி என்பதால், அந்த நடுக்கம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஐடிலிங்கைக் குறைவாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். இல்லையெனில் வெயிட்டுகள் விரியத் தொடங்கி அளவு தவறாகும். லைட்டின் ஒளியில் ஃபேன் நின்றிருப்பதுபோல் தோன்றக்கூடும் என்பதால் கையும் வயரும் தள்ளியே இருக்கட்டும்.

பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் பொருத்திய ஒரே ஒரு பிரீமியர் பத்மினி காரைத்தான் கையாண்டிருக்கிறேன். பாயிண்ட் தேய்ந்து டைமிங் பின்வாங்கும் தொல்லை அதில் இல்லை. ஆனால் வெயிட்டுகள் பழையவையே ஆதலால் லைட் அங்கும் தேவைப்பட்டது. மாட்யூலின் நீண்டகால உழைப்பைப் பற்றி அந்த ஒரு வண்டியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பல்பையும் வயரையும் டிக்கியில்தான் வைத்திருக்கிறேன். வழியில் பாயிண்ட் மாற்ற நேர்ந்தால் வீடு வந்து சேர அது போதும்.