மருதாணிக் கட்டையைத் தோண்டுவதா, மேலேயே பாத்தி கட்டுவதா?

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம் 20 வருட மருதாணி வேலி இருந்தது. அதை வெட்டிக் காய்கறி போட இரண்டே வழி. அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கலாம். அல்லது தரையோடு அறுத்துவிட்டு மேலேயே மேட்டுப்பாத்தி கட்டலாம். ஒரு மூலையில் தோண்டினேன், மற்ற இடமெல்லாம் பாத்தி கட்டினேன். 2 வருடம் பார்த்தபிறகு என் ஓட்டு மேட்டுப்பாத்திக்கே.

ஜேசிபி நுழையும் இடமென்றால் தோண்டிவிடுங்கள், துளிர்த் தொல்லையே இருக்காது. எங்கள் சந்தில் நுழையாது. கடப்பாரை போட்டு 3 கட்டை எடுக்கவே ஒரு நாள் கூலி போயிற்று. ஒன்றரை அடிக்குக் கீழே மொரம்பு. வேர் அதைக் கவ்விக்கொண்டிருந்தது. அஸ்திவாரத்துக்கு அடியில் போன வேரைத் தொடவே பயமாக இருந்தது.

பாத்திக்கு ஹாலோ பிளாக் 2 வரிசை. 8 அடி நீளம், 3 அடி அகலம், 16 அங்குல உயரம். 32 கன அடி மண் பிடித்தது. செம்மண், மக்கிய சாணம், தென்னை நார்த்தூள் கலந்தோம். கீரைக்கும் தக்காளிக்கும் தாராளம். கத்தரிக்கு இந்த ஆழம் போதுமா என்பதை ஒரே போகத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

முடிவு செய்ய வேண்டியது ஒன்றைத்தான்: துளிரைக் கிள்ள உங்களால் முடியுமா? அடியில் அட்டைப்பெட்டியை இரண்டு மடிப்பாக விரித்தும் மருதாணி மேலே வந்தது. வேரில் சேர்த்துவைத்த சத்தில்தான் அது துளிர்க்கிறது. இலை விரியுமுன் கிள்ளினால் அந்தச் சத்து கரையும். விரியவிட்டால் வேர் மறுபடி தேறிவிடும். முதல் வருடம் வாரம் தவறாமல் கிள்ளினேன். நடுவில் ஊருக்குப் போய் 3 வாரம் விட்டதில் முழ உயரம் நின்றது. இரண்டாம் வருடம் அங்கொன்று இங்கொன்றுதான். சாப்பிடும் செடி வளரும் இடம் என்பதால் களைக்கொல்லி பக்கமே போகவில்லை.

வெட்டிய கிளைகளை அடியில் நிரப்பியது தவறு. ஒரு பாத்தியில் கறையான் புகுந்துவிட்டது. கிளறி எடுத்தபிறகே அடங்கியது. மண் முதல் வருடமே 3 அங்குலம் அமுங்கியது. ஆடிப் பட்டத்துக்கு முன்னால் தொழுவுரம் போட்டு நிரவிவிடுகிறேன், அரைநாள் வேலை.

வெட்டியது அரளி வேலியென்றால் மட்டும் செலவைப் பார்க்காமல் தோண்டிவிடுங்கள். அதன் இலையும் தண்டும் விஷம். கீரைப் பாத்தியில் அந்தத் துளிர் முளைத்தால், அவசரத்தில் கீரையோடு சேர்த்துப் பறித்துவிடக் கூடும்.