யூத வரலாறு படிக்க மூன்று வாசல்கள்

யூத வரலாற்றையும் பண்பாட்டையும் கல்லூரியில் படிக்க வேண்டும் என்றால், நியூயார்க்கின் மன்ஹாட்டனிலேயே இரண்டு இடங்கள் இருக்கின்றன. வடக்கே 185ஆம் தெருப் பக்கம் யெஷிவா பல்கலைக்கழகம், தெற்கே 116ஆம் தெருவில் கொலம்பியா. மூன்றாவது ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகம். பாடப் பட்டியலை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. வகுப்பில் போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.

யெஷிவாவில் ஆண்களுக்குக் காலை முழுக்க மதப் படிப்பு, மற்ற பாடங்களெல்லாம் பிற்பகலில். பெண்களுக்குத் தனிக் கல்லூரி, தனி வளாகம். யூதச் சட்டத்தையும் அதன் விவாதங்களையும் தொகுத்த தல்மூத் நூலைத் திறந்தால் பக்கத்தின் நடுவில் மூலம், ஒரு பக்கம் 11ஆம் நூற்றாண்டு உரைகாரர் ரஷி, மறு பக்கம் அவருக்குப் பின் வந்தவர்கள் எழுப்பிய கேள்விகள். அதில் ரஷியின் சொந்தப் பேரன்களும் உண்டு, தாத்தா என்று விட்டுக்கொடுப்பதில்லை! இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்து, உரக்க வாதாடுவார்கள். இதற்கு ஹவ்ரூத்தா என்று பெயர். நூலகத்து அமைதியை எதிர்பார்த்துப் போனால் தலைவலிதான். அங்கே தல்மூத்தின் அந்தப் பக்கம் இன்றும் வாழ்க்கையை நடத்தும் சட்டம்.

கொலம்பியாவில் அதே பக்கம் ஒரு வரலாற்றுச் சான்று. யார் தொகுத்தார்கள், எப்போது, அது தொகுக்கப்பட்ட பாபிலோனை அப்போது ஆண்டது யார் என்று கேள்விகள் போகும். 1930இல் இங்கே யூத வரலாற்றுப் பேராசிரியராக வந்த சாலோ பரோன், யூதர் வரலாறு என்றாலே கண்ணீர்க் கதை என்ற போக்கை எதிர்த்தவர். துன்பங்களுக்கு நடுவில் நடந்த வாழ்க்கையும் வரலாறுதான் என்பது அவர் கட்சி.

அங்கிருந்து ஆறு தெரு நடந்தால் 1886இல் தொடங்கிய யூத இறையியல் செமினரி என்ற மதக் கல்லூரி. இரண்டிலும் சேர்ந்து படித்து இரண்டு இளங்கலைப் பட்டம் வாங்கும் திட்டம் உண்டு. சுமையும் இரட்டிப்புதான். ஆனாலும் நான் கை காட்டுவது இதைத்தான். மூலத்தை உள்ளிருந்தும் படிக்கலாம், வெளியே நின்றும் பார்க்கலாம்.

ஜெருசலேமில் பொது வரலாறு ஒரு துறை, யூத வரலாறு தனித் துறை. இந்தப் பிரிவினை எனக்கு ஒட்டவில்லை. யூதர்கள் மட்டும் தனி உலகத்திலா இருந்தார்கள்? இளங்கலை வகுப்புகள் பெரும்பாலும் ஹீப்ருவில் நடக்கும். அந்த மொழி தெருவிலேயே காதில் விழுந்துகொண்டிருக்கும் என்பது பெரிய வசதி, மறுக்க முடியாது.

அப்புறம், எங்கே சேர்ந்தாலும் ஹீப்ரு மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூட அறையிலிருந்து 1896-97இல் அறிஞர் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோன சுமார் 1,93,000 கையெழுத்துப் பிரதித் துண்டுகளில் வியாபாரிகளின் கடிதங்கள் பலவும் ஹீப்ரு எழுத்தில் எழுதிய அரபிதான். கொச்சி யூதர்கள் காப்பாற்றி வைத்த செப்பேடு, சுமார் கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவி யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கியது. அதில் இருப்பது வட்டெழுத்து.