கவரேஜ் சரியாமல் இருக்க எந்தக் காவல் நல்லது?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கு மென்பொருள் எழுதும் நான்கு பேர் குழு எங்களுடையது. லாரி எடை மேடை ஏறுவதில் தொடங்கி விவசாயி கணக்கில் பணம் சேரும் வரை எல்லாம் அதில்தான் ஓடுகிறது. பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும்போது, "தம்பி, கழிவு ரெண்டு தடவை பிடிக்குது, வெளியே வண்டி வரிசையா நிக்குது" என்று கணக்காளர் போன் செய்தால் யாரும் டெஸ்ட் (நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சின்ன நிரல்) எழுதிக்கொண்டு உட்கார மாட்டார்கள். முதலில் பிழையைத் திருத்துவோம், டெஸ்ட் அப்புறம். அந்த அப்புறம் வருவதே இல்லை. ஒரு சீசன் முடிந்து பார்த்தபோது டெஸ்ட் கவரேஜ், அதாவது மொத்த நிரலில் டெஸ்ட் ஓட்டிப் பார்த்த வரிகளின் பங்கு, 81 சதவீதத்திலிருந்து 74-க்கு இறங்கியிருந்தது. ஒரே நாளில் விழவில்லை. ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது நிரலில் சேர்க்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், கால், அரை என்று கரைந்திருந்தது.

அதற்குப் பிறகு, இந்தச் சரிவைத் தடுக்க ஒவ்வொரு காவலாக வைத்துப் பார்த்தோம்.

முதலில் வைத்தது நிலையான தரைமட்டம். பைத்தானின் கவரேஜ்.பை கருவியில் 'ஃபெயில் அண்டர்' என்று ஓர் எண் கொடுத்தால், அதற்குக் கீழே போனதும் பில்ட் (மாற்றத்தைத் தானாகச் சோதிக்கும் ஓட்டம்) தோற்றுவிடும். ஒரே வரி வேலை. ஆனால் 75 என்று வைத்தால், 81-லிருந்து 75 வரை சரிவதை யாரும் கேட்க மாட்டார்கள். 81 என்றே வைத்தால் அடுத்த அவசரத் திருத்தத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்வோம், யாராவது அந்த எண்ணையே குறைத்துவிடுவார்கள். போதாக்குறைக்கு ஒரு சின்ன ஓட்டை: தசம இடங்களை நாமாகச் சொல்லாவிட்டால் கருவி முழு எண்ணாக்கித்தான் ஒப்பிடும். 74.6 என்பது 75 ஆகித் தப்பித்துவிடும். டெஸ்டே இல்லாத புதுத் திட்டத்துக்கு இந்த முறை போதும். வளர்ந்த திட்டத்துக்குப் போதாது.

அடுத்தது ஏறுமுகப் பூட்டு: முந்தைய அளவைவிடக் குறையவே கூடாது, ஏறினால் அதுவே புது எல்லை. ரூபியின் சிம்பிள்காவில் சரிவை மறுக்கும் அமைப்பு உண்டு, ஜாவாஸ்கிரிப்டின் வைடெஸ்ட் கேட்டுக்கொண்டால் எல்லையைத் தானே உயர்த்திக்கொள்ளும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, எனக்கும் முதலில் பிடித்திருந்தது. எங்கள் குழுவின் இளைய பையன் ஒரே கணக்கு இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து ஒன்றை நீக்கிய அன்றுதான் சிக்கல் தெரிந்தது. பில்ட் சிவப்பாகிவிட்டது. "அண்ணா, நான் குப்பையைத்தானே எடுத்தேன்?" என்றான்.

மாங்காய்க் குவியலை வைத்துப் பார்த்தால் இது எளிது. 100 காயில் 20 அழுகல் என்றால் அழுகல் 20 சதவீதம். நல்ல காய் 10-ஐ எடுத்து ஓரமாக வைத்தால் 90-க்கு 20, அதாவது 22 சதவீதத்துக்கு மேல். ஒரு காய்கூடப் புதிதாக அழுகவில்லை, சதவீதம் மட்டும் ஏறிவிட்டது. நிரலிலும் அப்படித்தான். 1000 வரியில் 800 சோதிக்கப்பட்டிருக்கும்போது, சோதிக்கப்பட்ட 100 வரியைச் சுருக்கி நீக்கினால் 900-க்கு 700, அதாவது 77.8 சதவீதம். நிரலைச் சுத்தம் செய்தவனுக்குத் தண்டனை. சதவீதத்தைப் பூட்டுகிற எந்த முறையிலும் இந்தக் கோளாறு உண்டு.

மூன்றாவது, புதிதாகத் தொட்ட வரிகளை மட்டும் கேட்பது. டிஃப் கவர் என்ற கருவி கவரேஜ் அறிக்கையையும் நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் காட்டும் மாற்றத்தையும் பக்கத்தில் வைத்து, இந்த மாற்றத்தில் எத்தனை வரி சோதிக்கப்பட்டது என்று சொல்லும். சோனார்க்யூப் இயல்பாகவே புது நிரலுக்கு 80 சதவீதம் கேட்பதும் இதே எண்ணத்தில்தான். பழைய கடனை யார் தலையிலும் கட்டாது, எழுதியவரிடம் அவர் எழுதியதை மட்டும் கேட்கும். சண்டை குறைந்தது இதனால்தான். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே நிரலை எடுத்துவரும் செக்அவுட் இயல்பாகக் கடைசி கமிட்டை மட்டும்தான் இறக்கும், ஒப்பிட வரலாறு இருக்காது. ஃபெட்ச் டெப்த்தை 0 என்று மாற்ற வேண்டும். எங்களுக்கு அரை நாள் இதில் போனது.

ஆனால் இந்தக் காவலுக்கு முதுகுப் பக்கம் கண் இல்லை. ஒருவர் பழைய டெஸ்ட் ஒன்றை அழித்துவிட்டால் நிரலின் எந்த வரியும் மாறவில்லை. அதனால் பச்சை விளக்குதான் எரியும், மொத்தம் மட்டும் சரியும்.

எனவே நான்காவது: சதவீதத்தை விட்டுவிட்டு, சோதிக்கப்படாத வரிகளின் எண்ணிக்கையைப் பூட்டுவது. அழுகலை எண்ணுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கில் நீக்கலுக்கு முன்னும் பின்னும் 200 தான், பையன் தப்பித்தான். டெஸ்டை அழித்தால் எண் ஏறும், பிடிபடும். ஜாவாஸ்கிரிப்டின் ஜெஸ்டில் வரம்பைக் கழித்தல் குறியோடு கொடுத்தால் இந்தப் பொருள்தான்: இத்தனைக்கு மேல் சோதிக்காத வரி கூடாது. பைத்தானில் அப்படி நேரடி வசதி இல்லாவிட்டாலும் கவரேஜின் ஜேசன் அறிக்கையில் விடுபட்ட வரிகளின் மொத்தம் இருக்கிறது, பத்து வரி ஸ்கிரிப்ட் போதும்.

கோட்காவ், கவரால்ஸ் மாதிரி வெளிச் சேவைகள் இதையெல்லாம் அழகான படமாகக் காட்டும். பெரிய குழுவுக்கு அது தேவைப்படலாம். 2021-ல் கோட்காவின் பதிவேற்ற ஸ்கிரிப்டில் விஷமிகள் கைவைத்து, பல வாரங்கள் பயனர்களின் ரகசியச் சாவிகள் கசிந்தன. நான்கு பேருக்கு அந்தக் கவலை எதற்கு என்று சொந்த ஸ்கிரிப்டோடு நின்றுவிட்டோம்.

எந்தக் காவலையும் ஏமாற்றலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதையும் சரிபார்க்காமல் ஃபங்ஷனைக் கூப்பிட்டு மட்டும் விடுகிற டெஸ்டும் கவரேஜ் தரும், 'நோ கவர்' என்று குறிப்பு எழுதினால் வரியே கணக்கிலிருந்து காணாமல் போகும். முதலாவதை ரிவ்யூவில் மனிதர்தான் பிடிக்க வேண்டும். இரண்டாவதை அந்தக் குறிப்புகளையும் எண்ணிப் பூட்டிச் சமாளிக்கிறோம்.

இப்போது எங்களிடம் மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தே ஓடுகின்றன. சீசனில் அவசரம் என்றால் டிஃப் காவலைத் தாண்டலாம், ஆனால் தாண்டுபவர் சோதிக்கப்படாத வரிகளின் எண்ணிக்கையை அதற்கான கோப்பில் தன் கையாலேயே உயர்த்தி அதே கமிட்டில் சேர்க்க வேண்டும். போன சீசனில் அது 212-லிருந்து 219 ஆனது. ஆலை ஓய்ந்ததும் கூடிய அந்த 7 வரிகளை எடுத்துப் பார்த்தோம். 5 வரி கழிவுக் கணக்கில் இருந்தன, அங்கேயே முதல் டெஸ்டை எழுதினோம்.